உறக்க ஆய்வகத்தின் இரவுப்பணி: தொழில்நுட்பருக்கு மாநில உரிமம் எதற்கு?

பால்டிமோர் இளங்கோ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மேரிலாந்தில் உறக்க ஆய்வுத் தொழில்நுட்பராக வேலை பார்க்கிறேன். குடும்பக் காரணத்தால் டெக்சாஸுக்கு இடம் மாற நினைத்து இரு மாநில விதிகளையும் படித்தபோது எழுந்த கேள்வியை இங்கே வைக்கிறேன். மேரிலாந்தில் மருத்துவர் வாரியம் தரும் உரிமம் கையில் இல்லாமல் நான் ஒரு நோயாளியின் தலையில் மின்முனை ஒட்ட முடியாது. டெக்சாஸிலோ இந்தத் தொழிலுக்கென்று தனி உரிமமே கிடையாது.

இந்த வேலை என்னவென்று அறியாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். உறக்கத்தில் மூச்சு தடைபடுவது போன்ற கோளாறுகளைக் கண்டறிய, நோயாளியை ஓர் இரவு ஆய்வகத்தில் உறங்கவைத்துப் பதிவெடுப்பதே உறக்க ஆய்வு. இரவு எட்டரை மணி அளவில் வரும் நோயாளியின் தலையை அளவுநாடாவால் அளந்து, மெழுகுப் பென்சிலால் புள்ளி வைத்து, தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை தடவி மின்முனைகளை ஒட்டுவோம். மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கும்வரை விடமாட்டோம். மார்பிலும் வயிற்றிலும் பட்டை, மூக்கில் குழல், விரலில் ஆக்சிஜன் உணரி எல்லாம் பொருத்திய பிறகு, பக்கத்து அறையிலிருந்து ஒலிபெருக்கியில் "தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடப்பக்கம் கொண்டுபோங்கள், இனி வலப்பக்கம், பல்லைக் கடியுங்கள், மூச்சைப் பிடியுங்கள், இடது பாதத்தை அசையுங்கள்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தந்தக் கோடு திரையில் அசைகிறதா என்று பார்ப்போம். விளக்கை அணைத்த பின் விடியும்வரை கண்காணிப்பு. மருத்துவர் ஏற்கெனவே எழுதிவைத்த உத்தரவு இருந்தால் நள்ளிரவில், மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றழுத்தம் தரும் முகமூடியை மாட்டி, 4 செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடங்கி, மூச்சு அடைபடுவதைப் பார்த்துப் பார்த்து, குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி விட்டு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். பெரியவர்களுக்கு 20 செ.மீ. வரை போகலாம். இந்த நேரமெல்லாம் மருத்துவர் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார்.

நோயாளி உறக்கத்தில் இருக்கிறார், கதவு சாத்தியிருக்கிறது, கட்டடத்தில் ஆள் நடமாட்டம் இல்லை, அவர் உடலைத் தொடும் உரிமை ஒரே ஒருவரிடம் இருக்கிறது. முடிதிருத்துபவருக்கும் நகம் திருத்துபவருக்கும் உரிமம் கேட்கும் நாட்டில் இந்த ஒருவரைப் பெரும்பாலான மாநிலங்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பது எனக்குப் புரியவில்லை. மேரிலாந்து 2006இல் சட்டம் இயற்றியது, ஆனால் உரிமம் கட்டாயமாகும் கெடு பிறகு தள்ளிப்போனது. நியூ ஜெர்சியில் இதற்கென்றே தனி வாரியம் உண்டு. நியூ மெக்சிகோ 2008இல் சட்டம் கொண்டுவந்தது. வர்ஜீனியா, டென்னஸி, நியூயார்க் ஆகியவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் மாநில அனுமதி வேண்டும். மற்றவை ஏன் தயங்குகின்றன? ஐம்பது மாநிலங்களிலும் உரிமம் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள்.


காவேரி, ஹூஸ்டன் எழுதியது:

இளங்கோ தம்பி, நான் சுவாசச் சிகிச்சையாளர். அலாஸ்காவைத் தவிர எல்லா மாநிலங்களும் எங்கள் தொழிலுக்கு உரிமம் கேட்கின்றன. எனவே உரிமத்தின் அருமையும் அதன் தொல்லையும் எனக்கு நன்றாகத் தெரியும். நோயாளியின் பாதுகாப்பு என்று நீங்கள் தொடங்குகிறீர்கள், ஆனால் இந்தச் சட்டங்கள் பிறந்த கதையில் பாதுகாப்பு பாதிதான், மீதிப் பாதி எல்லைத் தகராறு.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1982 முதல் சுவாசப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. காற்றழுத்தம் கொடுப்பதும் ஆக்சிஜன் கொடுப்பதும் அந்தச் சட்டத்தின்படி சுவாசச் சிகிச்சையாளரின் வேலை. உறக்க ஆய்வகங்கள் பெருகியபோது, அங்கே உரிமம் இல்லாதவர்கள் இரவில் முகமூடி மாட்டி அழுத்தம் கூட்டுவது சட்டமீறல் என்ற நிலையைச் சுவாசப் பராமரிப்பு வாரியம் எடுத்தது. ஆய்வகங்கள் மூடப்படும் என்ற பயம் வந்த பிறகுதான் 2009 அக்டோபரில் எஸ்.பி. 132 என்ற மசோதா கையெழுத்தானது. அதன்படி தொழில்நுட்பர், டெக்னீஷியன், பயிற்சியாளர் என்ற மூன்று படிகளில் மாநில மருத்துவ வாரியத்தில் பதிவு செய்துகொண்டு, மருத்துவரின் மேற்பார்வையில் வேலை செய்யலாம் என்றானது. உறக்கத் தொழில்நுட்பர்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கேட்டு வாங்கிய சட்டம் அது என்றே நான் சொல்வேன். உரிமச் சட்டம் இல்லாத மாநிலங்கள் பலவற்றிலும் நடந்தது ஏறக்குறைய இதுதான்: சுவாசச் சிகிச்சைச் சட்டத்திற்குள் உறக்க ஆய்வுக்கு ஒரு விலக்கு எழுதிவிட்டு விஷயத்தை முடித்துக்கொண்டார்கள்.

எங்கள் தரப்பு வெறும் பிழைப்புக்காகச் சண்டையிட்டது என்று நினைக்கவேண்டாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒருவருக்கு இரவில் ஆக்சிஜன் 84 சதவீதத்திற்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயில் ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் திரையில் எண் 94க்கு ஏறிவிடும், பார்ப்பவருக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் மூச்சு மந்தமாகி, உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகலாம், அதை விரல் உணரி காட்டாது. காலையில் அவரை எழுப்பினால் தலைவலியும் குழப்பமுமாக எழுவார், அல்லது எழுவதற்கே சிரமப்படுவார். உடல் பருமனால் மூச்சு குறையும் நோயாளிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. இதைக் கற்றவர் ஆக்சிஜனைத் தொடட்டும், கல்லாதவர் தொடவேண்டாம் என்பதே எங்கள் வாதம். உரிமம் வேண்டுமா என்று கேட்பதற்கு முன் எந்தச் செயலுக்கு உரிமம் என்று கேளுங்கள்.


கணக்குப்புலி, ராலி எழுதியது:

மருத்துவக் கட்டணங்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது என் வேலை. இருவரும் மாநிலச் சட்டத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் தொழிலைக் கட்டுப்படுத்தும் கை மாநிலத் தலைநகரத்தில் இல்லை, காசோலை எழுதும் இடத்தில் இருக்கிறது.

மருத்துவமனையைச் சாராமல் தனித்து இயங்கும் பரிசோதனை நிலையங்களுக்கு, அமெரிக்க அரசு பெரும்பாலும் முதியோருக்காக நடத்தும் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஒரு விதி வைத்திருக்கிறது. பரிசோதனை செய்பவர், மருத்துவர் அல்லாதவராக இருந்தால், மாநில உரிமமோ மாநிலச் சான்றோ பெற்றவராக இருக்கவேண்டும். மாநிலத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால், தகுந்த தேசியச் சான்றளிப்பு அமைப்பிடம் சான்று பெற்றிருக்கவேண்டும். ஆகவே டெக்சாஸில் உரிமம் இல்லை என்பதால் தெருவில் போகிறவரை அழைத்து மின்முனை ஒட்டச் சொல்ல முடியாது. சொன்னால் மெடிகேர் பணம் வராது, வந்த பணத்தையும் திருப்பிக் கொடுக்க நேரும். ஜாக்சன்வில்லைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஒரு உறக்க மையத் தொடர், உரிய சான்று இல்லாத டெக்னீஷியன்களைக் கொண்டு ஆய்வு நடத்திவிட்டு மெடிகேருக்கும் ராணுவக் காப்பீட்டுக்கும் கட்டணம் அனுப்பியது என்ற குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள, 2013 ஜனவரியில் 1.53 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. குற்றம் நிரூபிக்கப்பட்டதாக அந்த உடன்பாடு சொல்லவில்லை. ஆனாலும் நாட்டிலுள்ள ஒவ்வொரு ஆய்வக உரிமையாளரும் மறுநாள் தம் ஊழியர்களின் சான்றிதழ்க் கோப்பைத் தூசி தட்டியிருப்பார் என்பது என் ஊகம். எந்த வாரியத்தின் சுற்றறிக்கைக்கும் அந்த வலிமை கிடையாது.

அதே ஆண்டு அக்டோபரில் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் உறக்க ஆய்வுக் கட்டணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2005இல் 40.7 கோடி டாலராக இருந்த மெடிகேர் செலவு 2011இல் 56.5 கோடியாக உயர்ந்திருந்தது. 2011இல் செலுத்தியதில் ஏறத்தாழ 1.7 கோடி டாலர் விதிகளுக்குப் பொருந்தாத கட்டணங்களுக்குப் போயிருந்தது என்று அந்த அறிக்கை கண்டது.

தேசியச் சான்றும் லேசுப்பட்டதல்ல. உறக்கத் தொழில்நுட்பருக்கான அந்தச் சான்றைத் தரும் ஆர்.பி.எஸ்.ஜி.டி. தேர்வு 1979 முதல் நடக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும், அதற்கு 50 தொடர்கல்வி மதிப்பெண்கள் சேர்க்கவேண்டும் அல்லது மீண்டும் தேர்வெழுதவேண்டும். நான் இருக்கும் வட கரோலினா 2009 சட்டத்தில் இந்த நிலைமையை அப்படியே ஏற்றுக்கொண்டது. இங்கே மாநிலம் தனியாகத் தேர்வு வைப்பதில்லை. தேசியச் சான்று வைத்திருப்பவர் மருத்துவ வாரியத்தின் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொண்டால் போதும். இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. இதற்கு மேல் கல்வித் திட்டம், தனிக்குழு, தனிக்கட்டணம் என்று அடுக்கினால், ஏற்கெனவே இரவுப்பணிக்கு ஆள் கிடைக்காத சிற்றூர் ஆய்வகங்கள்தான் முதலில் மூடும். செவிலியர்கள் ஒரே உரிமத்தோடு பல மாநிலங்களில் வேலை செய்ய ஒப்பந்தம் இருக்கிறது, உறக்கத் தொழில்நுட்பருக்கு அப்படி ஒன்றும் இல்லை. கணவருக்கு ராணுவத்தில் மாற்றலாகும்போதெல்லாம் மனைவி புதிதாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.


பால்டிமோர் இளங்கோ எழுதியது:

கணக்குப்புலி ஐயா, நீங்கள் சொல்லும் மெடிகேர் விதி திறமையை உறுதிப்படுத்தும், ஒழுக்கத்தை உறுதிப்படுத்தாது. ஒரு தொழில்நுட்பர் உறங்கும் நோயாளியிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசிய அமைப்பு அவருடைய சான்றைப் பறிக்கலாம், ஆனால் உரிமச் சட்டம் இல்லாத மாநிலத்தில் மெடிகேர் சம்பந்தப்படாத ஓர் இடத்தில் அவர் அடுத்த வாரமே வேலைக்குச் சேர்வதைத் தடுக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது? சாட்சிகளை வரவழைக்கவும், ஆவணங்களைக் கேட்டுப் பெறவும், விசாரணை முடியும்வரை ஒருவரை நிறுத்திவைக்கவும் மாநில வாரியத்தால் முடியும், ஒரு தனியார் சான்றளிப்பு அமைப்பால் முடியாது. கைரேகை எடுத்துக் குற்றப்பின்னணியைச் சரிபார்ப்பதும் அப்படியே. நான் உரிமம் கேட்பது முதன்மையாக இதற்காகத்தான்.


எடிசன் வாசகி எழுதியது:

நான் இந்தத் துறையைச் சேர்ந்தவள் அல்ல, நோயாளி மட்டுமே. நியூ ஜெர்சியில் தனி வாரியம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அந்த வாரியம் இருக்கும் மாநிலத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு ஆய்வு நடந்த மையத்தின் பெயர் இங்கே வேண்டாம். மின்முனை ஒட்டிய பெண்மணி மிகவும் கனிவானவர். அவருடைய உரிமம் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. ஆனால் அன்றிரவு மூன்று அறைகளுக்கும் அவர் ஒருவர்தான். அடுத்த அறையில் ஒருவர் முகமூடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்ததால் அவர் அங்கேயே நின்றுவிட்டார். என் மூக்குக் குழல் கழன்றுவிட்டதென்று எனக்குத் தெரிந்தது. அழைப்புப் பொத்தானை அழுத்தினேன், நெடுநேரம் யாரும் வரவில்லை, நானும் அசதியில் உறங்கிவிட்டேன். பதிவு போதாது என்று அறிக்கை வந்தது. மறுபடியும் ஓர் இரவு போகவேண்டியதாயிற்று, இரண்டு இரவுக்கும் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வந்தது. அந்தப் பெண்மணியின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரால் ஒரே நேரத்தில் இரண்டு அறையில் நிற்க முடியாது. ஆனால் இதில் உரிமம் எனக்கு என்ன செய்தது? வாரியத்திடம் புகார் செய்தால் நடவடிக்கை அவர் மீது பாயுமா, அவரைத் தனியாக விட்ட முதலாளி மீது பாயுமா?


கணக்குப்புலி, ராலி எழுதியது:

வாசகி அம்மா, அவர் மீதுதான் பாயும், அதுதான் இந்த ஏற்பாட்டின் கோளாறு. தொழில் வாரியம் உரிமம் வைத்திருக்கும் ஆளைத்தான் விசாரிக்கும். ஓர் இரவில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள் என்பது மையத்தின் நிர்வாகம் பற்றிய கேள்வி. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் தன் அங்கீகாரம் பெற்ற மையங்களில், வழக்கமான சூழலில், ஒரு தொழில்நுட்பருக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் கூடாது என்கிறது. குழந்தைகள், அதிகக் கவனிப்புத் தேவைப்படுவோர் என்றால் ஒருவருக்கு ஒருவர் வைக்கவேண்டும். உங்கள் மையம் அந்த அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் கழகத்துக்கே எழுதுங்கள். இரண்டாவது கட்டணத்தைப் பற்றிக் காப்பீட்டு நிறுவனத்திடம் மேல்முறையீடு செய்யுங்கள், பதிவு போதாமைக்குக் காரணம் ஆள் பற்றாக்குறை என்று தெளிவாக எழுதுங்கள். இரவு முழுவதும் தொழில்நுட்பர் எழுதிய குறிப்புகள் அந்தப் பதிவுக் கோப்பிலேயே நேரத்தோடு இருக்கும். உங்கள் மருத்துவ ஆவணத்தின் பகுதியாக அதையும் கேட்டு வாங்குங்கள். "அறை 3இல் இருக்கிறேன்" என்று அவரே எழுதிவைத்திருந்தால், அது உங்களுக்கும் அவருக்கும் சேர்த்தே சாட்சி.


காவேரி, ஹூஸ்டன் எழுதியது:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தனி ஆளுக்கு உரிமம் கொடுத்துவிட்டால் பழியையும் தனி ஆளின் தலையில் கட்டுவது எளிதாகிவிடுகிறது. எங்கள் தொழிலில் பல ஆண்டுகளாக இதைப் பார்த்து வருகிறோம்.


தாம்பரம் மாணவன் எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். நான் சென்னையில் நரம்பியல் மின்பதிவுத் துறையில் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். இங்கிருந்தபடியே ஆர்.பி.எஸ்.ஜி.டி. தேர்வு எழுதி வென்றால், வர்ஜீனியாவில் இருக்கும் என் மாமா வீட்டில் தங்கி அங்கே வேலை செய்யலாம் என்கிறார்கள். அந்தச் சான்றிதழே உரிமம் ஆகுமா?


பால்டிமோர் இளங்கோ எழுதியது:

ஆகாது தம்பி. சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. வர்ஜீனியாவில் மருத்துவ வாரியம் தனியாக உரிமம் தருகிறது. அதற்கு விண்ணப்பிக்க நீ சொல்லும் சான்றிதழோ, சுவாசச் சிகிச்சையாளர்களுக்கான உறக்கச் சிறப்புச் சான்றோ வேண்டும். உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சிச் சான்றும் சேர்த்து வைக்கவேண்டும். தேர்வில் வென்றதோடு நின்றுவிட்டால் வாசல்வரைதான் வந்திருக்கிறாய் என்று பொருள். நோயாளியிடம் பதிவெடுக்கத் தொடங்கும் முன் கைவசம் மாநில உரிமம் இருக்கவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வேலை செய்ய அனுமதிக்கும் விசா வேண்டும், அதை மாமா வீட்டு விருந்தாளியாக வந்து பெற முடியாது. தேர்வு எழுதுவதற்கே பயிற்சி நேரமும் பணி அனுபவமும் கேட்பார்கள். எந்த வழியில் தகுதி பெறலாம் என்பதைச் சான்றளிப்பு வாரியத்தின் கையேட்டில் படித்துவிட்டுப் பணம் கட்டு. தரகர் யாராவது "சான்றிதழ் வாங்கினால் அமெரிக்க வேலை நிச்சயம்" என்றால் நம்பாதே.


கோவை மதிப்பீட்டாளர் எழுதியது:

இந்த இழையில் ஒருவரும் பேசாத ஆள் ஒருவர் இருக்கிறார், அது நான்தான். நான் ஆர்.பி.எஸ்.ஜி.டி. சான்று பெற்றவன். கோயம்புத்தூரில் உட்கார்ந்து அமெரிக்க ஆய்வகங்களின் இரவுப் பதிவுகளை மதிப்பிடுகிறேன். கிழக்குக் கடற்கரையில் காலை ஆறு மணிக்குப் பதிவு முடிந்தால் இங்கே மாலை மூன்றரை அல்லது நான்கரை. கோப்பு இறங்கியதும் தொடங்குவேன். முப்பது விநாடிக்கு ஒரு பக்கம், எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் விழிப்பா, எந்த நிலை உறக்கமா என்று குறிக்கவேண்டும். மூச்சு எங்கே நின்றது, எங்கே குறைந்தது, ஆக்சிஜன் எத்தனை இறங்கியது, கால் எத்தனை முறை உதறியது என்பவற்றையும் குறிக்கவேண்டும்.

நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களின் சட்ட வரையறையில் பதிவு செய்வது மட்டுமல்ல, மதிப்பிடுவதும் இத்தொழிலின் பகுதியே. அப்படியானால் அந்த மாநில நோயாளியின் பதிவை நான் இங்கிருந்து மதிப்பிடும்போது எந்த வாரியத்தின் கண் என்மேல் இருக்கிறது? நோயாளிக்கு நான் இருப்பதே தெரியாது. ஆனால் அவருக்கு முகமூடி கிடைக்குமா கிடைக்காதா என்பது பெரும்பாலும் நான் வைக்கும் புள்ளிகளில் இருக்கிறது. மூச்சு முப்பது சதவீதம் குறைந்து, ஆக்சிஜன் மூன்று சதவீதம் இறங்கினாலோ மூளை சற்று விழித்தாலோ அதைக் கணக்கில் சேர் என்பது உறக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கும் விதி. நான்கு சதவீதம் இறங்கினால்தான் சேர் என்பது மெடிகேரின் விதி. அதே நோயாளிக்கு மூச்சுத்தடைகளின் எண்ணிக்கை ஒரு விதியில் மணிக்கு 17 என்றும் இன்னொன்றில் 11 என்றும் வரக்கூடும். 15 அல்லது அதற்கு மேல் என்றால் மெடிகேர் கருவிக்குப் பணம் தரும். 5 முதல் 14 வரை என்றால் ரத்த அழுத்தம், பகல் தூக்கம் போன்ற துணைக் காரணம் ஏதாவது காட்டவேண்டும்.

மதிப்பீட்டாளர்களுக்கிடையே கருத்து வேறுபாடும் சாதாரணம். இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் மதிப்பீடுகளை ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வில், உறக்க நிலைகளில் ஒத்துப்போனது 82.6 சதவீதம். விழிப்பிலிருந்து உறக்கத்துக்குள் நழுவும் முதல் நிலையில் மட்டும் பார்த்தால் அது 63 சதவீதமாக இறங்கிவிட்டது. இரவுப்பணியில் இருப்பவருக்கு உரிமம் வேண்டும் என்று வாதிடுபவர்கள், பகலில் கணக்கிடுபவரை விட்டுவிடுவது ஏன்?


கணக்குப்புலி, ராலி எழுதியது:

நல்ல கேள்வி. மாநில வாரியத்தின் அதிகாரம் மாநில எல்லையோடு நின்றுவிடும். கோவையில் இருப்பவரை அழைத்து விசாரிக்க எந்த வாரியத்துக்கும் வழி இல்லை, அதிகபட்சம் அவரை அமர்த்திய ஆய்வகத்தைக் கேட்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அமெரிக்காவுக்கு வெளியே அளிக்கப்படும் சேவைக்கு, சில அரிதான விலக்குகள் நீங்கலாக, மெடிகேர் பணம் தரக்கூடாது என்பது சட்டம். ஆகவே மெடிகேர் நோயாளிகளின் பதிவுகளை உள்நாட்டு மதிப்பீட்டாளர்களிடமும் மற்றவற்றை வெளியேயும் அனுப்புவதே எச்சரிக்கையான வழி. உங்களை அமர்த்தியவர்கள் அப்படிப் பிரிக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் இங்கே சொல்லவேண்டாம்.


மதுரை மருத்துவர் எழுதியது:

நான் நுரையீரல் மருத்துவர், உறக்க ஆய்வகம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். அமெரிக்க விவாதத்தில் தலையிட எனக்கு ஒரு காரணம் உண்டு. நாங்களும் அதே பாதையில் இப்போதுதான் அடி எடுத்து வைக்கிறோம்.

இந்தியாவில் 2021இல் நிறைவேறிய தேசியத் துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில், மூளை மின்பதிவு, நரம்பு மின்பதிவுத் தொழில்நுட்பர்களோடு சேர்த்து உறக்க ஆய்வகத் தொழில்நுட்பரும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறார். தாம்பரம் மாணவன் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாநிலமும் ஒரு மன்றம் அமைத்துப் பதிவேடு வைக்கவேண்டும் என்பது சட்டம். மன்றங்கள் அமையாமல் காலம் போனதால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சட்டத்தை நடைமுறைப்படுத்த இரண்டு மாதக் கெடு விதித்தது. இங்கே உறக்கத் தொழில்நுட்பருக்கென்று தனி வாரியம் வரப்போவதில்லை, அது நல்லதுதான். நியூ ஜெர்சி போலச் சில நூறு பேருக்காக ஒரு வாரியம் என்பது நம் ஊருக்குக் கட்டுப்படியாகாது. நரம்பியல், இதயவியல், சுவாசத் தொழில்நுட்பர்கள் எல்லோருக்கும் பொதுவான கூரை என்றால் காவேரி அம்மா சொன்ன எல்லைத் தகராறும் ஓரளவு குறையும்.

சட்டத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. எத்தனையோ இடங்களில் கருவி விற்ற நிறுவனத்தின் ஊழியரே வந்து நோயாளிக்கு மின்முனை ஒட்டி, அவரே மதிப்பிட்டு, அவரே முகமூடியும் விற்றுவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறது. பரிசோதனை செய்பவருக்கும் கருவி விற்பவருக்கும் இடையே சுவர் வேண்டும். மெடிகேர்கூடக் கருவி விற்பவர் நடத்திய வீட்டுப் பரிசோதனையை ஏற்பதில்லை. இங்கே அமையும் மன்றங்கள் கல்வித்தகுதியை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிட்டால், பதிவேடு இருந்தும் பயன் இருக்காது.

ஆனால் இளங்கோவிடம் ஒன்று கேட்கவேண்டும். 2008 மார்ச்சிலேயே மெடிகேர் வீட்டுப் பரிசோதனையை ஏற்றுக்கொண்டது. இன்று மிதமான, கடுமையான மூச்சுத்தடை இருக்கலாம் என்று ஐயப்படும் பெரியவர்களில் பலருக்கு ஆய்வகமே தேவைப்படுவதில்லை. கருவி கூரியரில் போகிறது, நோயாளி தாமே மாட்டிக்கொள்கிறார், மென்பொருள் முதல் கணக்கைப் போட்டுவிடுகிறது. நீங்கள் காக்க நினைக்கும் அந்த மூடிய அறை சுருங்கிக்கொண்டே வரும்போது, ஐம்பது மாநிலங்களில் புதிதாகச் சட்டம் போடுவது யாருக்காக?


பால்டிமோர் இளங்கோ எழுதியது:

ஐயா, ஆய்வகத்துக்கு வருவோரின் எண்ணிக்கை குறைகிறது, வருவோரின் நோய்க் கடுமை கூடுகிறது. எளிய நோயாளிகள் வீட்டிலேயே முடித்துக்கொள்கிறார்கள். எங்களிடம் வருபவர்கள் இதயம் பலவீனமானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், தசைநோய் உள்ளவர்கள், இரவில் எழுந்து நடப்பவர்கள், குழந்தைகள். தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாதவர்களின் விகிதம் முன்பைவிட அதிகம். மேலும், கூரியரில் வரும் கருவியை எப்படி மாட்டுவது என்று தொலைபேசியில் சொல்லித்தருபவரும், விடுபட்ட பதிவைப் பார்த்து இன்னொரு இரவு கேட்பவரும் பெரும்பாலும் எங்கள் ஆட்களே.

ஆனாலும் காவேரி அக்காவின் முதல் பதிவில் இருந்த கேள்வியை நான் ஏற்கிறேன். எந்தச் செயலுக்கு உரிமம் என்று பிரிக்கவேண்டும். கண்காணிப்பு, அழுத்தம் கூட்டுதல், ஆக்சிஜன் கொடுத்தல் ஆகியவை நோயாளியின் படுக்கையருகே நடப்பவை, அவற்றுக்கு உரிமம் வேண்டும் என்ற நிலையில் மாற்றமில்லை. மதிப்பீட்டுக்குத் தேசியச் சான்றும், மாதந்தோறும் ஒரே பதிவைப் பலர் மதிப்பிட்டு ஒப்பிடும் தரச் சோதனையும் போதும் என்று நினைக்கிறேன். கோவை நண்பர் அந்தச் சோதனையில் பங்கெடுக்கிறாரா?


கோவை மதிப்பீட்டாளர் எழுதியது:

பங்கெடுக்கிறேன். மாதந்தோறும் வரும் மாதிரிப் பதிவில் என் விடைக்கும் பொது விடைக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரியும், என்னை அமர்த்திய ஆய்வகத்துக்கும் தெரியும். அறிக்கையில் கையொப்பமிடும் மருத்துவருக்கு அது அனுப்பப்படுவதில்லை, நோயாளிக்கு நிச்சயமாக இல்லை. மதிப்பிட்டவரின் பெயரும் சான்று எண்ணும் அறிக்கையின் அடியில் அச்சிடப்படவேண்டும் என்று ஒரு விதி வந்தால் நான் அதை எதிர்க்கமாட்டேன்.


காவேரி, ஹூஸ்டன் எழுதியது:

அதோடு அன்றிரவு ஒருவர் எத்தனை அறைகளைப் பார்த்தார் என்பதையும் அச்சிடச் சொல்லுங்கள். வாசகி அம்மாவின் புகாருக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். இளங்கோ தம்பி, டெக்சாஸ் வருவதாக இருந்தால், வேலைக்குச் சேரும் முன் நேர்காணலில் இதையே முதலில் கேளுங்கள்: ஓர் இரவுக்கு எத்தனை நோயாளிகள், ஆக்சிஜன் உத்தரவு எழுத்தில் இருக்கிறதா, இரவில் மருத்துவரை அழைத்தால் எடுப்பாரா. உங்கள் மேரிலாந்து உரிமத்தைக் காலாவதியாக விடாதீர்கள். திரும்பிப் போக நேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிப்பது பெரிய தலைவலி.